கம்ப்யூட்டரை ஏசிய வெயிலுகந்தம்மாள்

இடைசெவல் வெயிலுகந்தம்மாளுக்கு மனசு ஒன்று, வாய் ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது. உள்ளே தோன்றியது அந்த நிமிஷமே வெளியே வந்துவிடும். பஸ் வந்தால் "பஸ் வருது" என்று சொல்லி மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அவள், "பஸ் வருது. முன் டயர்ல காத்து கம்மியாட்டு இருக்கு. டிரைவரு மொகத்துல இன்னைக்குச் சிரிப்பையே காணோம். வீட்டுல ஏதோ சண்டை" என்று டிரைவர் காதில் விழும்படியே சொல்லி முடித்துத்தான் ஏறுவாள்.

இதனால் அவள் இழந்த வேலைகள் இரண்டு.

முதலாவது, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை. அவள் கை வேகத்துக்கு அந்த ஆபீஸிலேயே ஆள் கிடையாது. வாய் பேசப் பேச கை இன்னும் வேகமாக ஓடும். கஷ்டம் என்னவென்றால், சுற்றி உட்கார்ந்திருந்த நாற்பது பெண்களும் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு கையை நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரி அவளைத் தனியாகச் சுவரோரம் உட்காரவைத்தார். அடுத்த வாரமே சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒட்டுகிறவர்களும் வேலையை விட்டுவிட்டுச் சுவரில் காது வைத்தார்கள்.

இரண்டாவது, ஒரு ஜவுளிக்கடை. கூட்டிப் பெருக்குகிற வேலைதான். ஆனால் சேலையை விரித்துக் காட்டுகிற இடத்தைத்தானே கூட்டவேண்டியிருக்கிறது! "இது ரெண்டு தண்ணிக்குத் தாங்காது", "இந்தக் கலரு ஒங்களுக்கு எடுக்காது மதினி" என்று விளக்குமாற்றோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் முதலாளியே வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார்.

மூன்றாவதாக அமைந்தது இன்ஜினியரிங் காலேஜ் வேலை. தீப்பெட்டித் தொழிலில் பெரிய ஆளான சண்முகராஜ், ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் கட்டிய காலேஜ் அது. அவர்தான் தாளாளர். 2003-ஆம் வருஷம் வெயிலுகந்தம்மாளைத் துப்புரவு வேலைக்கு எடுத்தபோது, ஆபீஸ் மேனேஜர் அவளைப் பற்றி நன்றாக விசாரித்து வைத்திருந்தார். "இவளைக் கம்ப்யூட்டர் லேபுல போடுங்க. ஏசி ரூமு, கதவு எப்பவும் சாத்தியிருக்கும். மிஷினுக்குக் காது கெடையாது" என்றார்.

லேபில் நாற்பது கம்ப்யூட்டர் இருந்தன. கரிசல் புழுதி எந்தக் கண்ணாடிக் கதவுக்கும் கட்டுப்படாதே. தினமும் நாற்பது மவுஸையும் துடைத்து வைப்பதே அவளுக்கு அரை மணி நேர வேலை. துடைக்கும்போது ஒவ்வொன்றிடமும் ஏதாவது பேசுவாள். அவள் ஆறாம் வகுப்புவரை படித்தவள். திரையில் எழுத்து வந்தால் எழுத்துக்கூட்டிப் படித்து அபிப்பிராயமும் சொல்லிவிட்டுத்தான் நகருவாள்.

அதே லேபில்தான் ஜீனா டீச்சர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். மனுஷனும் கம்ப்யூட்டரும் எப்படிப் பழகுகிறார்கள், எந்த இடத்தில் மனுஷன் முழிக்கிறான், முழிக்காமல் இருக்கக் கம்ப்யூட்டரை எப்படி மாற்றவேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி. பிரின்சிபால் வேணுகோபாலுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "மனுஷனுக்குத்தானம்மா கம்ப்யூட்டரைச் சொல்லிக் குடுக்கணும்? கம்ப்யூட்டருக்கு மனுஷனை எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?" என்று கேட்டார். "அதுதான் சார் ஆராய்ச்சியே" என்றார் ஜீனா.

காலேஜ் பிள்ளைகள் சேர்ந்து, காட்டில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். சம்சாரி வந்து கம்ப்யூட்டரில் அமுக்கினால் உளுந்து, பருத்தி, மிளகாய் என்று எது வேண்டுமோ அதன் அன்றைய விலை வரும். மழை வருமா, பூச்சிக்கு என்ன மருந்து என்பதும் வரும். சம்சாரிகள் ஒருவர் ஒருவராக வந்து உட்கார்ந்து விலையைக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்கும்போது மனசில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். டேப் ரெக்கார்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆள் எங்கே தடுமாறுகிறான் என்பதை அந்தப் பேச்சை வைத்து டீச்சர் கண்டுபிடிப்பார். உலகம் பூராவும் இதுதான் முறையாம்.

உலகம் பூராவும் செல்லுபடியான முறை பசுவந்தனையில் செல்லுபடியாகவில்லை. பசுவந்தனை, எப்போதும்வென்றான், இடைசெவல் என்று மூன்று ஊரிலிருந்தும் பன்னிரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். எல்லாரும் வெளுத்த சட்டை போட்டு, திருநீறு பூசி, பெண் பார்க்க வந்த மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"மனசுல என்ன தோணுதோ சொல்லுங்க அண்ணாச்சி" என்பார் ஜீனா.

"நல்லாருக்கும்மா."

"எது நல்லாருக்கு?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

திரையில் 'தாங்கள் தவறு செய்துவிட்டீர்கள்' என்று வந்ததும் ஒருவர் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "தெரியாமத் தொட்டுட்டேம்மா, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். புரோகிராமைத் திறந்தவுடன் தாளாளர் சண்முகராஜின் போட்டோ வரும்படி பிள்ளைகள் செய்திருந்தார்கள். எப்போதும்வென்றான்காரர் ஒருவர் அதற்கு மேல் போகவே இல்லை. இருபத்தைந்து நிமிஷம் போட்டோவையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மொதலாளி சொகமா இருக்காகளா?" என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டாவதாக வந்தவர் சோலை, வெயிலுகந்தம்மாளின் புருஷன். மூணு ஏக்கர் மானாவாரி நிலம். உளுந்து போட்டிருந்தார். அவர் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். டேப்பில் ஏசி சத்தம் நன்றாகப் பதிவாகியிருந்தது. ஜீனா தன் நோட்டில், 'பங்கேற்பாளர் 12: ஒருமுறை இருமினார்' என்று எழுதிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தரையைத் துடைத்துக்கொண்டே வெயிலுகந்தம்மாள் அங்கே வந்து சேர்ந்தாள்.

"டீச்சர், அவியகிட்டப் போயி பேச்சை எதிர்பாத்தீங்களா? கல்யாணமாகி இருவத்தோரு வருசமாச்சி. 'சாப்பாடு எடுத்து வையி'ன்னு ஒரு வார்த்தை கெடையாது. தட்டு முன்னால வந்து உக்காருவாக. நானாப் புரிஞ்சிக்கிடணும். இந்தப் பொட்டியும் அப்பிடித்தான இருக்கு? ஒண்ணும் சொல்லாது, நாமளாப் புரிஞ்சிக்கிடணும். ஊமையும் ஊமையும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா ஒங்களுக்கு எங்கன இருந்து பேச்சு வரும்?"

ஜீனா நெற்றியிலிருந்து கையை எடுத்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"அக்கா, ஈரத்துணியை அப்பிடி ஓரமா வச்சிட்டு இந்த நாற்காலியில உக்காருங்க."

"எதுக்கு டீச்சர்?"

"உளுந்து விலை என்னன்னு கண்டுபிடிங்க. மனசுல வாறதை ஒண்ணு விடாமச் சொல்லணும். வாயை மூடவே கூடாது."

வெயிலுகந்தம்மாளுக்குக் கொஞ்ச நேரம் நம்பிக்கை வரவில்லை. நாற்பத்திரண்டு வயசுக்குள் 'வாயை மூடு' என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மூடக்கூடாது என்று ஒருத்தர் சொல்வது இதுதான் முதல் தடவை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டேப் சுற்றத் தொடங்கியது.

"மொதல்ல மொதலாளி படம் வருது. மேல இருந்து கொஞ்சங் கொஞ்சமா வருது. நெத்தி வந்துட்டு. கண்ணு வந்துட்டு. மூக்கு வாறதுக்குள்ள நான் ஒரு ரூமைத் தூத்துருவேன். ஆங், மீசையும் வந்துட்டு. இப்ப என்ன செய்யணும்? கும்புடணுமா? உளுந்து எங்கன இருக்கு? இவருக்குப் பின்னால இருக்கும் போல. அண்ணாச்சி, கொஞ்சம் வெலகுங்க. கேக்க மாட்டாரு. சரி, மூக்குல ஒரு அமுக்கு அமுக்கிப் பாப்போம். அட, போயிட்டாரு!"

போட்டோவில் வேறு எங்கே அமுக்கினாலும் அடுத்த பக்கம் வராது. அடுத்த பக்கத்துக்குப் போகிற பொத்தான் போட்டோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. சரியாக மூக்கு இருந்த இடம் அது. எங்கெங்கோ அமுக்கித் தற்செயலாக அதைத் தாண்டியவர்கள்கூட இதைச் சொல்லவில்லை. கீபோர்டில் என்டரைத் தட்டியே பழகியதால் புரோகிராம் எழுதிய பிள்ளைகளுக்கே தெரியாது.

"இங்கன ஒரு வீடு போட்டிருக்கு. கூரைக்கு மேல கொழாய் வச்சி பொகை போவுது. நம்ம பக்கத்துல எந்த வீட்டுல இப்பிடிப் பொகை போவுது? இது செங்கச்சூளை. நமக்கு இப்ப செங்கல் வேண்டாம். இங்கன பயிரு வரிசை இருக்கு. வாழை, உளுந்து, மிளகாய், பருத்தி. இது என்ன வரிசை? அ, ஆவன்னாப்படியும் இல்ல, வெதைக்கிற பட்டப்படியும் இல்ல. மொதல்ல வாழையாம்! கரிசக்காட்டுல எவன் வாழை போட்டான்?"

ஜீனா பேனாவை எடுத்தார். பிள்ளைகள் பயிர்களை இங்கிலீஷ் பெயரில் வரிசைப்படுத்திவிட்டுப் பிறகு தமிழில் மாற்றியிருக்கிறார்கள்.

"உளுந்தை அமுக்கிட்டேன். ஒண்ணும் வரல. இந்தா, உடுக்கை வந்துட்டு டீச்சர். உடுக்கை மட்டும் நிக்கி, அடிக்கிற ஆளைக் காணோம். சாமி வாற வரைக்கும் காத்திருக்கணுமா?"

கம்ப்யூட்டர் 'கொஞ்சம் பொறு' என்பதற்காகக் காட்டுகிற மணல் கடிகாரம் அது. மணல் கடிகாரத்தைக் கோவில்பட்டியில் யார் பார்த்தார்கள்? இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கியிருந்தால் அது உடுக்கைதான்.

சாமி வரவில்லை. 'தாங்கள் தவறு செய்துவிட்டீர்கள்' வந்தது.

"ஏட்டி!" என்று திரையைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டாள் வெயிலுகந்தம்மாள். "நான் என்னட்டி தப்பு செஞ்சேன்? உளுந்துன்னு நீ எழுதிப்போட்டே, நான் அமுக்கினேன். எங்கன தப்புன்னாவது சொல்லு. ஒண்ணும் சொல்லாம மொட்டையாத் தப்புன்னா என்ன அர்த்தம்? எங்க மாமியாகூட, இன்னது தப்புன்னு சொல்லிட்டுத்தான் ஏசுவா!"

அடுத்து ஒரு சின்னக் கட்டம் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். "'இச்செயலை ரத்து செய்யவா?' கீழ ரெண்டு பொத்தான். ஒண்ணுல 'சரி', இன்னொண்ணுல 'ரத்து'. டீச்சர், இங்கன வாங்க. ரத்து செய்யணும்னா நான் 'சரி'ய அமுக்கணுமா, 'ரத்தை' அமுக்கணுமா? 'ரத்தை' அமுக்கினா ரத்து செய்யது ரத்தாயிருமா? ரத்து வேண்டாம்னா ரத்தை அமுக்கணும், ரத்து வேணும்னா சரிய அமுக்கணும்... இதை எழுதினவனைக் கூப்பிடுங்க, நான் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

உளுந்து விலை கிடைக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. "இதுக்கு நான் பஸ் ஏறிக் கமிஷன் கடைக்கே போயிக் கேட்டுட்டு வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனாள். ஜீனா டேப்பை மூன்று முறை போட்டுக் கேட்டார். முப்பத்தொரு குறை எழுதினார். எழுதி முடித்து, ஆராய்ச்சி ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரு மாசத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்தியாகிவிட்டது. வரிசை மாறியது. சூளை போய் 'முதல் பக்கம்' என்ற எழுத்து வந்தது. உடுக்கைக்குப் பதில் 'கொஞ்சம் பொறுங்க' வந்தது. போட்டோவை மட்டும் தொட முடியவில்லை. ஜீனா பிரின்சிபாலிடம் போய்க் கேட்டார்.

"அவர் படத்தை எடுக்கணும்னு நான் போய் அவர்கிட்டச் சொல்லணுமாக்கும்?" என்றார் வேணுகோபால். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குதும்மா."

2004 மார்ச்சில் காலேஜில் இதற்கென்றே ஒரு தேசியக் கருத்தரங்கு வைத்தார்கள். 'மனித கணினி ஊடாட்டம்' என்று பெரிய துணி பேனர் கட்டி மெயின் ரோட்டில் தொங்கவிட்டார்கள். காற்றில் துணி சுருண்டு கடைசி வார்த்தையில் பாதிதான் கண்ணில் பட்டது. "காலேஜ்ல என்னமோ ஆட்டம் வச்சிருக்காங்களாம்" என்று பஸ்ஸில் பேச்சாகிவிட்டது. அன்றைக்குக் காலையில் பசுவந்தனையிலிருந்து நாலு பேர், கரகாட்டமாக இருக்கும் என்று நினைத்து நேரத்தோடு வந்து கடைசி வரிசையில் இடம் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டை கொடுக்கிறவர்கள் அவர்களைப் பேராசிரியர்கள் என்று நினைத்து ஆளுக்கொரு பையும் பேனாவும் கொடுத்தார்கள்.

முன்வரிசையில் தாளாளர் சண்முகராஜ். பக்கத்தில் பிரின்சிபால். அதற்கடுத்து, சிறப்பு விருந்தினராகச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியை ராதாமணி. ஜீனா தன் கட்டுரையை வாசித்து, டேப்பில் கொஞ்சம் போட்டுக் காட்டினார். போட்டோவைப் பற்றிய பகுதியை மட்டும் கவனமாக விட்டுவிட்டார். 'ரத்து' வந்தபோது ராதாமணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார்.

"இந்த அம்மா இங்கே இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருந்தாள். டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேடைக்குக் கூப்பிடுங்க. திருத்தின புரோகிராமை அவங்களே செஞ்சு பாக்கட்டும். நாம நேர்ல கேப்போம்."

போட்டோவைப் பற்றி இவள் என்ன சொல்லிவைப்பாளோ என்று ஜீனாவுக்குப் பயம். மறுக்கவும் வழியில்லை. தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு வெயிலுகந்தம்மாள் மேடை ஏறினாள். முன்னால் மைக். பின்னால் சுவர் அளவுக்குப் பெரிய திரை. எதிரே இருநூறு பேர்.

அவளுக்குப் பேச்சு வரவில்லை.

பிறந்து வளர்ந்து இப்படி ஒன்று அவளுக்கு நடந்ததே கிடையாது. உள்ளே ஏதேதோ ஓடியது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை.  "சொல்லுங்க அக்கா" என்றார் ஜீனா. அவள் தலையை ஆட்டினாள். "மனசுல என்ன தோணுது?"

"நல்லாருக்கு டீச்சர்" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

ஜீனா கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழி தெரியாமல் புரோகிராமைத் திறந்தார்.

இங்கேதான் பிரின்சிபாலின் கைங்கரியம் வந்தது. கருத்தரங்கில் தாளாளர் மனசு குளிரவேண்டும் என்று, முந்தின நாள் யாருக்கும் சொல்லாமல் பிள்ளைகளைப் பிடித்துப் புதுப் போட்டோ போடவைத்திருந்தார். கோயில் கொடை விழாவுக்குத் தலைவராக இருந்தபோது எடுத்த படம், கழுத்தில் ரோஜா மாலையோடு. சுற்றிலும் தங்கச் சட்டம். பக்கத்தில் வரவேற்புக்கு ஒரு குத்துவிளக்கு. விளக்கு நிஜமாகவே எரிகிற மாதிரி சுடர் வேறு ஆடியது.

நெற்றி வந்தது. கண் வந்தது. மீசை வந்தது. மாலை வந்தது. விளக்கு எரிந்தது.

"ஐயோ, அண்ணாச்சி!" என்று வாயில் கை வைத்துக் கத்திவிட்டாள் வெயிலுகந்தம்மாள். மைக் அதை வாங்கிக் கூடம் முழுக்க அறைந்தது. "எப்பம்? நேத்து சாயந்தரம்கூட காருல போனாகளே!"

பிறகு முன்வரிசையைப் பார்த்தாள்.

"ஏ, அந்தா உக்காந்திருக்காகல்லா!"

கூடம் பூராவும் கழுத்தை நீட்டி முன்வரிசையைப் பார்த்தது. அப்புறம் கடைசி வரிசையில் பசுவந்தனைக்காரர்கள் நாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வாய் திறந்துவிட்டதல்லவா, இனி யார் நிறுத்துவது? "மாலையும் போட்டு வெளக்கும் ஏத்தி வச்சா யாரா இருந்தாலும் பதறத்தான செய்வாக? சம்சாரி உளுந்து விலை கேக்க வருதான். வந்தவன் துட்டி வீடுன்னு நெனைச்சி துக்கம் கேட்டுட்டுப் போயிருவாம்லா?"

சண்முகராஜ் எழுந்தார். வேணுகோபால் நாற்காலியிலேயே சின்னதாகிப் போனார். தாளாளர் மேடை ஏறி, தன் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். அவர் வீட்டுக் கூடத்தில் காலமான அப்பா படம் இதே லட்சணத்தில்தான் இருந்தது.

"யாருவே இதைப் போட்டது?"

பிள்ளைகள் பிரின்சிபாலைப் பார்த்தார்கள்.

"தள்ளுங்கம்மா, நானே எடுத்துருதேன்" என்று மவுஸைப் பிடித்தார். மாலையில் அமுக்கினார், போகவில்லை. விளக்கில் அமுக்கினார், சுடர்தான் ஆடியது. நெற்றி, மீசை, கழுத்து என்று எல்லா இடத்திலும் அமுக்கினார். சுவர் அளவு சண்முகராஜ் அசையாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். கீழே நின்ற சண்முகராஜுக்கு வியர்த்துவிட்டது.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எங்கனம்மா அமுக்கணும்?" என்று கேட்டார். மைக் அதையும் விடவில்லை.

"ஒங்க மூக்குல அண்ணாச்சி."

அமுக்கினார். போனார். பயிர் வரிசை வந்தது. உளுந்து எல்லாவற்றுக்கும் மேலேயே இருந்தது. விலை அடுத்த நிமிஷமே வந்துவிட்டது. சண்முகராஜ் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு வெரசா வருதா?" என்றார்.

"நீங்க வெலகினா வெரசா வரும் அண்ணாச்சி" என்றாள் அவள்.

சண்முகராஜ் முதலில் அவளை முறைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வியாபாரி அல்லவா, சரக்குக்கு முன்னால் தானே நின்று மறைப்பது எவ்வளவு நஷ்டம் என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே போட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டார். வேணுகோபாலோடு மட்டும் பத்து நாள் பேசவில்லை.

ராதாமணி அம்மாள் போகும்போது ஜீனாவிடம், "குறை எல்லாத்தையும் கண்டுபிடிச்சது அவங்க. கட்டுரையில அவங்க பேரும் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீனாவும் அப்படியே செய்தார். கருத்தரங்க மலர் அச்சாகி வந்தது. அச்சகத்தில் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரே மாதிரி 'டாக்டர்' என்று போட்டு அடித்துவிட்டார்கள். 'டாக்டர் வெயிலுகந்தம்மாள்' என்று சான்றிதழும் அப்படியே வந்தது. தபால்காரர் அதைத் தெருவில் நின்று உரக்கப் படித்துத்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு காலேஜ் பிள்ளைகள் எந்தப் புராஜெக்ட் செய்தாலும், ஜீனா டீச்சர் அதை முதலில் அவளிடம்தான் அனுப்புவார். வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளருக்குக்கூடப் பிள்ளைகள் அவ்வளவு பயப்படவில்லை. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், பாதிப் பேர் அவள் வாய் திறக்குமுன்பே, "திருத்திக் கொண்டாரோம் அக்கா" என்று எழுந்துவிடுவார்கள்.

ஊரில் 'டாக்டர்' என்ற பேர் நிலைத்துவிட்டது. முதலில் கேலிக்குச் சொன்னார்கள். பிறகு கேலி என்று தெரியாதவர்களும் சொன்னார்கள். ஒருநாள் அதிகாலையில், அந்த ஊருக்குப் புதுசாகக் குடிவந்திருந்த சுதாராணி, காய்ச்சலில் கொதித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றாள். வெயிலுகந்தம்மாள் விஷயத்தை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி, சூடு சாஸ்தியா இருக்கு, கெளம்பு" என்று முதல் பஸ்ஸிலேயே அவளைக் கோவில்பட்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே பிள்ளையைப் பார்த்து மருந்து எழுதின டாக்டர், "கூட வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"இவியளும் டாக்டருதான் சார்" என்றாள் சுதாராணி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, காலேஜ் பேர் எழுதின நீலச் சேலை, கையில் மஞ்சப் பை.

"அப்படியா? நீங்க எதுக்குப் பாக்கிறீங்க?"

"கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான் டாக்டர்" என்றாள் வெயிலுகந்தம்மாள். "மனுசருக்கு நீங்களே பாத்துக்கிடுங்க. அது சரி, மருந்துச் சீட்டுல என்ன எழுதியிருக்கீங்க? ஒரு எழுத்துகூட வெளங்கலயே?"

டாக்டர் சீட்டைத் திருப்பி வாங்கி, வேறு தாளில் நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தார்.